ஹெல்மர் வைத்த சிவப்பு நாக்கு

ஒரில்லா ஹெல்மரை விதவை என்பதா, மனைவி என்பதா என்று ஃபோல்ட்ஸ்வில்லில் யாருக்கும் பிடிபடவில்லை. அவளுக்கே பிடிபடவில்லை. கறுப்பு உடுத்தவும் மனம் வரவில்லை, கறுப்பு உடுத்தாமல் தேவாலயத்துக்குப் போகவும் கூச்சம். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு உடை தைத்துக்கொண்டாள். எல்லா ஞாயிறும் அதே சாம்பல்.

நான் ஹனோரா டல்லி. ஹார்ட்டர் கம்பெனியில் அவளுக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அவள் கதையை ஊரில் பலவிதமாகச் சொல்வார்கள். பேய் வந்து கல்யாணத்தை நிறுத்தியது என்பார்கள். பேய் வந்தது உண்மைதான். ஆனால் அது செத்தவனின் பேய் இல்லை.

உள்நாட்டுப் போர் நடந்தபோது ஹார்ட்டர் கம்பெனி துப்பாக்கி செய்தது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு ஆளில்லாமல் தையல் மெஷின் செய்தது. தையல் மெஷினை ஊருக்கு ஊர் செய்ய ஆரம்பித்ததும், யாரோ ஒருவர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த எழுதும் இயந்திரத்தை, அதாவது டைப்ரைட்டரை, பிடித்துக்கொண்டது. செய்த கைகள் எல்லாம் தையல் மெஷின் கைகள். அதனால் இதுவும் தையல் மெஷின் ஜாடையிலேயே பிறந்தது. கறுப்பு வார்னிஷ், அதன்மேல் ரோஜாக்கொத்து, கீழே கால்மிதி. முதல் சில வருடங்கள் வாங்குவார் இல்லை. கிடங்கில் வரிசையாக நின்ற ரோஜாக்களின் மேல் தூசி படிந்ததை நான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை கூலி கிடைக்குமா என்று பயந்துகொண்டே வேலை செய்த காலம்.

அது குருட்டு இயந்திரம் வேறு. எழுத்துக் கம்பிகள் கூடைபோல் வட்டமாகத் தொங்கும். எழுத்துப் பொறித்த சாவியை அழுத்தினால் கம்பி கீழிருந்து எழும்பி உருளையின் அடிவயிற்றில் அடிக்கும். என்ன விழுந்தது என்று அடிப்பவளுக்குத் தெரியாது. உருளை பொருத்திய வண்டியைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். எழுத்துகள் வரியில் நேராக விழுகின்றனவா என்று பார்த்து, கோணிய கம்பியை இடுக்கியால் வளைத்துச் சரிசெய்வதுதான் எங்கள் அறையின் வேலை. எங்களை நேர்பார்ப்பவர்கள் என்பார்கள்.

அந்த அறையிலேயே கெட்டிக்காரன் லைசாண்டர் ஹெல்மர். இடதுகைக்காரன். பொன்னிற மீசை, எப்போதும் உதட்டில் ஒரு சீழ்க்கை. பேச்சில் மயக்கிவிடுவான். ஒரில்லா அவனைக் கட்டிக்கொண்டபோது ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குத் தூக்கம் போயிற்று என்றால் அதில் பொய் கொஞ்சம்தான்.

எங்கள் ஆங்கிலத்தில் அதிகம் அடிபடும் எழுத்து 'ஈ'. அந்தக் கம்பி எழும்பி அடித்துவிட்டுத் திரும்பி விழும்போது டக் டக் என்று எரிச்சலூட்டும். சத்தம் வராமல் அடியில் வைக்கக் கம்பெனி கொடுத்த கம்பளித் துண்டு சீக்கிரம் இறுகிவிடும். லைசாண்டர் என்ன செய்தான் என்றால், மனைவியின் சிவப்புக் கம்பளிப் பாவாடையின் உள்விளிம்பிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி, அந்தக் கம்பி விழும் இடத்தில் வைத்தான். சத்தம் அடங்கிவிட்டது. துண்டு நாக்கின் வடிவத்தில் இருக்கும். இடதுகையால் வலதுகைக் கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டுவதால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் விழும். அவனால் அதைத் தவிர்க்க முடியாது. நாங்கள் அதை ஹெல்மரின் நாக்கு என்போம். முதலாளிக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும், அவர் தெரியாததுபோல் இருப்பார்.

"உன் பாவாடை சிகாகோ வரைக்கும் போயிருக்குடி" என்று நான் கேலி செய்வேன்.

"சிகாகோ என்ன, ஒரு பிஷப் வீட்டு மேஜையிலயே இருக்கு. அவர் ஜெபம் எழுதறதெல்லாம் என் பாவாடை மேலதான்" என்பாள் ஒரில்லா. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். சாயங்காலம் அவன் அவள் காலடியில் மண்டியிட்டு விளிம்பைத் தூக்கி வெட்டுவானாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் பாவாடை நிறத்துக்கு வந்துவிடும்.

ஒரு வசந்தத்தில், கால்வாயில் புதுத் தண்ணீர் திறந்துவிட்ட வாரம், லைசாண்டர் வேலைக்கு வரவில்லை. மதகுக்குப் பக்கத்தில் கோவேறு கழுதைகள் படகு இழுக்கும் பாதையில் அவனுடைய கோட்டும் தொப்பியும் இருந்தன. பூட்ஸ் இரண்டும் ஜோடியாக, வீட்டு வாசலில் கழற்றி வைத்ததுபோல் ஒழுங்காக நின்றன.

கொக்கி போட்டுத் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அந்த மாதம்தான் பல பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அவன் பெயரும் அடுத்த பட்டியலில் இருப்பதாக ஒரு பேச்சு. மனம் உடைந்து குதித்துவிட்டான் என்று ஊர் தீர்மானித்தது. உடல் இல்லாமலே போதகர் பிரசங்கம் செய்தார். ஒரில்லா பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அதை அவளிடமிருந்து வாங்க முடியவில்லை.

பிழைப்புக்கு வழி வேண்டுமே. மேஸ்திரி பெட்ரி முதலாளியிடம் பேசி லைசாண்டரின் பெஞ்சை அவளுக்கே வாங்கிக்கொடுத்தார். மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வேலை தெரிந்திருந்தது. நாக்கு மட்டும் அவள் வைக்கவில்லை. மிச்சப் பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் சத்தம் ஆரம்பித்தது.

ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் அவள் குடியிருந்தாள். வெளிப்பக்கம் மரப்படி. விளக்கேற்றும் நேரத்தில் அந்தப் படியில் ஈர பூட்ஸ் ஏறிவரும் சத்தம் கேட்கும் என்றாள். சதக், சதக் என்று. நடுவில் ஒரு படி தளர்ந்து போயிருந்தது. அந்தப் படியில் மிதித்ததும் முனகும். அதற்குமேல் சத்தம் வராது. கதவைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

"பனி உருகிச் சொட்டற சத்தமா இருக்கும்" என்றேன்.

"பூட்ஸ் என் வீட்டு மூலையில இருக்கு ஹனோரா. பின்ன அவர் எதைப் போட்டுக்கிட்டு ஏறி வர்றார்?"

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குப் போனால் இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுவேன்.

குளிர்காலம் வந்தால் எங்கள் கால்வாயைத் தண்ணீர் வடித்துக் காயப்போட்டுவிடுவார்கள். சேற்றில் கெட்டிலும் சக்கரமும் கழுதை எலும்பும் கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கப் போவார்கள். வருடாவருடம் ஒரில்லாவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கி மதகிலிருந்து பாலம் வரை நடப்பாள். குனிந்து குனிந்து பார்ப்பாள். பாலத்தின் மேலிருந்து பார்க்கிறவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். பாலத்துக்குக் கீழே வந்ததும் ஒவ்வொரு முறையும் அவள் சொல்வது ஒன்றே: "இல்ல." அதில் துக்கம் இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மேஸ்திரி பெட்ரி கல்யாணம் ஆகாதவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய். பேச வேண்டிய நேரத்தில் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் தப்பித்துவிடுவார். அந்த மனிதர் ஒரில்லாவை எப்போதிலிருந்து விரும்பினார் என்று கேட்டால், லைசாண்டர் அவளைக் கட்டிக்கொண்ட அன்றிலிருந்து என்றுதான் சொல்வேன். ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அவள் வீட்டு விறகு மட்டும் எப்போதும் பிளந்து அடுக்கியிருக்கும்.

ஐந்தாவது வருடம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் சீஸும் ரொட்டியும் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரில்லாவின் பெஞ்சுக்கு வந்து நின்றார். நான் பக்கத்தில் இருப்பது அவர் கண்ணில் படவில்லை.

"மிசஸ் ஹெல்மர், உங்க கூரையில ஓட்டை இருக்கு."

"அடுத்த வாரம் அடைக்கச் சொல்லியிருக்கேன் மிஸ்டர் பெட்ரி."

"என் வீட்டுக் கூரையில ஓட்டை இல்ல."

ஒரில்லா நிமிர்ந்து பார்த்தாள். அவர் கை மிட்டாயைத் தேடிப் பைக்குள் போயிற்று.

"அதை வாயில போடாதீங்க" என்றாள் அவள். "முழுசாச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன்னு நினைச்சேன்" என்றார் அவர், காது சிவக்க.

எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. கணவன் போய் ஐந்து வருடம் சேதியே இல்லையென்றால், அவன் உயிரோடிருப்பது மனைவிக்குத் தெரியாதென்றால், அவள் மறுமணம் செய்துகொள்ளலாம். போதகர் வான் ஆலன் கண்டிப்பானவர். கல்யாணத்துக்கு முன் தேவாலயத்தில் ஊரார் முன்னிலையில் பைபிளில் கைவைத்து, "அவர் உயிரோடிருப்பதாக நான் அறியேன்" என்று அவள் சொல்ல வேண்டும் என்றார். ஒரில்லா ஒப்புக்கொண்டாள். சாம்பல் உடைக்கு நீலக் காலர் வைத்துத் தைத்தாள். படியில் சத்தம் குறைந்துவிட்டதாகக்கூடச் சொன்னாள். அவள் சிரிப்பதை நான் மறந்தே போயிருந்தேன். அந்தச் சில வாரங்கள் திரும்பக் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஒரு வழக்கு வந்தது. பிங்ஹாம்டனில் பிராட்வெல் என்று ஒரு கம்பெனி கிளம்பி, எங்கள் இயந்திரத்தை அப்படியே பார்த்துச் செய்வதாக எங்கள் முதலாளி கோர்ட்டுக்குப் போனார். வக்கீல்கள் அவர்களுடைய இயந்திரம் ஒன்றை எங்கள் அறைக்கு அனுப்பினார்கள். பிரித்துப் படம் வரைந்துகொண்டு, இருந்தது இருந்தபடி மாட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அறையில் நிதானமான கை ஒரில்லாவுடையது. அதனால் பெட்ரி அதை அவள் பெஞ்சில் வைத்தார்.

"திருட்டுப் பிள்ளைக்கு முகஜாடை மட்டும் அப்படியே இருக்கு பாரு" என்றேன் நான். ரோஜாவுக்குப் பதிலாக லில்லி வரைந்திருந்தார்கள். மற்றதெல்லாம் எங்களுடையதுதான்.

ஒரில்லா கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக அடுக்கினாள். 'ஈ' கம்பியைக் கழற்றினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி?"

இடுக்கியால் எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

ஒரு சின்னக் கம்பளித் துண்டு. நாக்கின் வடிவம். ஓரத்தில் கீறல்.

எவனாவது நம் இயந்திரத்தைப் பார்த்து அதையும் காப்பி அடித்திருப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கீறல் குறுக்கே நின்றது. காப்பி அடிக்கிறவன் நாக்கைக் காப்பி அடிப்பான். தவறிய கத்தரிக்கோலை எவன் காப்பி அடிப்பான்?

"அவர் உயிரோட இருக்கார், ஹனோரா."

"கடவுளே. நல்லதுதானேடி..."

"நிறத்தைப் பாரு."

பார்த்தேன். சிவப்பு இல்லை. நீலம். நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. பெண்கள் குளிருக்குக் கட்டும் பாவாடைக் கம்பளிதான். ஒரில்லாவின் பாவாடை இல்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தி காலடியில் யாரோ ஒருவன் மண்டியிட்டு விளிம்பைத் தூக்கி வெட்டுவதைப் பார்ப்பதுபோல் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அஞ்சு வருஷம் சேத்துல நடந்தேன். ஒவ்வொரு தடவையும் எலும்பு கிடைச்சிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே நடந்தேன். சாமி என் வேண்டுதலைக் கேட்டிருக்கு பாரு."

பெட்ரியிடம் அன்றே சொன்னாள். எல்லோரும் போன பின் அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையை அவரும் அறிவார். மேஸ்திரி ஆவதற்கு முன் பல வருடம் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்.

கடைசியில் சொன்னார்: "அடுப்பு பக்கத்துலதான் இருக்கு."

"தெரியும்."

"நம்ம மூணு பேரைத் தவிர யாரும் பார்க்கல. ஹனோரா சொல்லமாட்டா."

நான் தலையை ஆட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் ஆட்டுவேன்.

"அடுப்புல போட்டா துணி எரியும் மிஸ்டர் பெட்ரி. நான் பார்த்தது எரியாது. ஞாயித்துக்கிழமை அந்தப் புஸ்தகத்து மேல கையை வெச்சு எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? சொல்லிட்டு உங்க வீட்டுப் படியேறினா, பின்னாலயே இன்னொரு சத்தம் ஏறி வரும். செத்தவர் சத்தம்னா பயமில்ல. பழகிட்டேன். இது உயிரோட இருக்கறவர் சத்தம்."

பெட்ரி துண்டை அவள் கையில் திருப்பி வைத்தார். விரல்களை மூடிவிட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அவர் மிட்டாய் போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் நிறைந்திருந்தது. கத்தோலிக்கச்சியான நான்கூட அன்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். போதகர் பைபிளை நீட்டினார். ஒரில்லா கையைத் தூக்கினாள், புத்தகத்தின் மேல் வைக்காமல் அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் போதகர்.

"என்னால சொல்ல முடியாது. அவரைப் பார்த்துட்டேன்."

"யாரை?"

"என் புருஷனை."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். பேய்க் கதை அங்கேதான் பிறந்தது. ஈரம் சொட்டச் சொட்டப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் லைசாண்டர் நின்றதைத் தாங்களே பார்த்ததாக அன்று மாலைக்குள் பல பேர் சொன்னார்கள். ஒரில்லா எதையும் மறுக்கவில்லை. வேறொருத்தியின் பாவாடையைப் பற்றி ஊருக்குச் சொல்வதைவிடப் பேய் மரியாதையானது என்று நினைத்திருப்பாள்.

திங்கட்கிழமை பிராட்வெல் இயந்திரத்தைத் திரும்ப மாட்டினாள். கம்பிகளை வரிசைப்படி கோத்தாள். 'ஈ' கம்பியின் முறை வந்ததும், கைப்பையைத் திறந்து ஒரு சின்னச் சிவப்புத் துண்டை எடுத்தாள். பெட்டியில் மடித்து வைத்திருந்த பாவாடையில் அன்று காலை வெட்டியது. நாக்கு வடிவம். கீறல்கூட வைத்திருந்தாள்.

"இருந்தது இருந்தபடி அனுப்பணும்னாங்களே" என்றேன்.

"இருந்தபடிதான் அனுப்பறேன். ஆதியில என்ன இருந்ததோ அதை."

அதன்மேல் கம்பியை மாட்டி, வண்டியை இறக்கிவிட்டாள். உறைபோட்டுக் கட்டினார்கள். இயந்திரம் ரயிலேறியது.

இலையுதிர் காலத்தில் வழக்கு விஷயமாக வக்கீலின் குமாஸ்தா ஒருவன் வந்தான். பெண்கள் இருக்கும் அறை என்றால் வாய் ஓயாத ஆள். பெட்ரியின் மேஜையில் சாய்ந்துகொண்டு கதையளந்தான்.

"பிராட்வெல்காரங்க பாடு திண்டாட்டம்தான். அவங்ககிட்ட லைமன் ஹேல்னு ஒரு நேர்பார்க்கிற ஆள். இடதுகை, கெட்டிக்காரன். நீங்க திருப்பி அனுப்பின மெஷினை ஏதாவது கெடுத்துட்டீங்களான்னு பார்க்க அவன்கிட்டதான் கொடுத்தாங்க. ஒரு கம்பியைக் கழட்டினானாம். முகம் சுண்ணாம்பாப் போச்சாம். தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு வெளிய போனவன்தான். மறுநாள் சஸ்குவெஹானா ஆத்தங்கரையில பூட்ஸும் கோட்டும் கிடந்துச்சு. பாவம், ஆத்துல குதிச்சிட்டான். பொண்டாட்டி ஆத்தங்கரையே கதின்னு கிடக்கா."

ஒரில்லா கேட்டாள்:

"பூட்ஸ் எப்படிக் கிடந்துச்சு?"

"எப்படின்னா?"

"ஜோடியாவா?"

"ஆமா, அதைத்தான் எல்லாரும் சொல்லிக்கிட்டாங்க. வாசல்ல கழட்டி வெச்சாப்புல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் இடுக்கியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். அவன் போன பின் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் அவரைப் பயமுறுத்தணும்னுதான் நினைச்சேன். அந்தப் பொண்ணை நினைச்சே பார்க்கல. இப்ப அவ வீட்டுப் படியில..."

சனிக்கிழமை ரயிலில் பிங்ஹாம்டன் போவதாக முடிவு செய்துவிட்டாள். தனியாக விடமாட்டேன் என்று நானும் கிளம்பினேன். ரயில்நிலையத்தில் பெட்ரி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுடன் நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"எனக்கு அங்க ஒரு வேலை இருக்கு" என்றார்.

"என்ன வேலை?"

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

பிங்ஹாம்டனில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. லைமன் ஹேல் வீடு செருப்புத் தைப்பவரின் கடைக்கு மேல் மாடி. இதற்கும் வெளிப்பக்கம் மரப்படிதான். ஒரில்லா முதல் படியில் காலை வைக்கத் தயங்கினாள். பெட்ரி கடை வாசலிலேயே ஒதுங்கி நின்றார். நாங்கள் இருவரும் ஏறினோம்.

நாங்கள் தட்டுவதற்குள் கதவு படீரென்று திறந்தது. ஓடிவந்து திறந்திருக்கிறாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. சின்னப் பெண். பெயர் லவைனா. அறைக்குள் கொடியில் ஒரு நீலக் கம்பளிப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. உள்விளிம்பு எலி கடித்ததுபோல் இருந்தது.

"உக்காருங்க" என்றாள் லவைனா. "அவரோட வேலை செஞ்சவங்களா?"

"உன் பாவாடையை அவர் வெட்டுவாரா?" என்று கேட்டாள் ஒரில்லா.

அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது. "வெட்டிக்கிட்டே இருப்பார். உன் பாவாடை ஊரெல்லாம் போயிருக்குன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

ஒரில்லா கைப்பையிலிருந்து நீலத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு சிவப்புத் துண்டை வைத்தாள். இரண்டையும் வைத்த பிறகு சொல்ல அதிகம் இருக்கவில்லை. லவைனா மாறி மாறிப் பார்த்தாள். புரிய நேரமாகியது. புரிந்தபோது அவள் கத்தவில்லை. பூட்ஸ் நின்ற மூலையை மட்டும் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் மூலையில்தான் வைத்திருந்தாள்.

"அவர் சாகல" என்றாள் ஒரில்லா. "ஆத்தங்கரைக்குப் போகாதே. நான் போனது போதும்."

"நீங்க தப்பாச் சொல்றீங்க. அவர் செத்துட்டார். எனக்குத் தெரியும்." அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்தது. "விளக்கு ஏத்தற நேரத்துல வர்றார். அந்தப் படியில கேக்குது. சதக் சதக்னு. அவர் உயிரோட இருக்கார்னா, ஏறி வர்றது யாரு?"

வெளியே மழையோடு மழையாக வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கேட்டது.

சதக். சதக்.

ஈர பூட்ஸ். நான் என் காதால் கேட்டேன். லவைனா ஒரில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரில்லாவும் அவள் கையை இறுகப் பிடித்தாள். ஒருவனே விட்டுவிட்டுப் போன இரண்டு பெண்கள், ஒருத்தியை ஒருத்தி விடாமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் ஏறியது. பாதியில் நிற்கும் என்று இருவருமே காத்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. நிற்கவில்லை. கடைசிப் படிவரை வந்தது. கதவு தட்டப்பட்டது.

பெட்ரி நின்றிருந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பூட்ஸைச் சுற்றிக் குட்டை கட்டியிருந்தது.

"கடையை மூடிட்டாங்க" என்றார் சின்னக் குரலில். "கீழ நிக்க இடமில்ல. பயமுறுத்திட்டேனா?"

ஒரில்லா அவருடைய பூட்ஸையே பார்த்தாள். பிறகு, ஐந்து வருடமாக அவளிடமிருந்து வராத அழுகை வந்தது. அவருடைய நனைந்த கோட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த நல்ல மனிதர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை தொப்பியையே பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மாநிலத்தில் விவாகரத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: கணவனுக்கு இன்னொருத்தி. அந்தக் காரணம் அடுத்த வருடம் நீலப் பாவாடை கட்டிக்கொண்டு கோர்ட்டில் வந்து நின்று, தலையைக் குனியாமல் சாட்சி சொன்னது. போதகர் வான் ஆலன் விவாகரத்தானவளுக்கு ஆசீர்வாதம் சொல்ல மறுத்துவிட்டார். ஊர் நீதிபதி தம் வீட்டு முன்னறையில் பெட்ரிக்கும் ஒரில்லாவுக்கும் கல்யாணம் செய்துவைத்தார். பாதி ஊர் வரவில்லை. வந்த பாதி இரண்டு மடங்கு சாப்பிட்டது. லவைனா அதன்பின் எங்கள் அறையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

கம்பெனி தழைத்தது. கால்மிதி போயிற்று, ரோஜாக்கள் போயின. ஆபீஸ்தோறும் எங்கள் இயந்திரம் வந்தது. பழுது பார்க்க எங்கெங்கிருந்தோ வரும் மற்றக் கம்பெனி இயந்திரங்களையும் எங்கள் அறையில் எடுத்துக்கொண்டோம். ஒரில்லாவுக்குத் தலை நரைத்திருந்தது. பெட்ரி வீட்டில் படி முனகுவதில்லை, முனகினால் அன்றே ஆணி அடித்துவிடுவார். அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஒருநாள் ஒஹையோவிலிருந்து ஒரு இயந்திரம் வந்தது. 'ஈ' கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரில்லா லவைனாவைக் கூப்பிட்டாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

மஞ்சள் நிறத்தில் கட்டம்போட்ட கம்பளி. நாக்கு வடிவம். ஓரத்தில் கீறல்.

பழைய துணி. எப்போதோ வைத்தது. அதை வைத்தவன் இப்போது அங்கே இருக்கிறானா, அங்கேயும் ஒரு ஆறு இருக்கிறதா, ஆற்றங்கரையில் பூட்ஸ் ஜோடியாக நின்றதா, யாருக்குத் தெரியும். லவைனா சாப்பாட்டு மணிகூடக் காதில் விழாமல் நின்றாள்.

"எந்த வீட்டுப் படியோ" என்றாள் ஒரில்லா.

பிறகு அந்த இயந்திரத்தை யார் அனுப்பினார்கள் என்று கேட்டு வர என்னை ஆபீசுக்கு அனுப்பினாள். நான் திரும்பி வருவதற்குள் அவள் தன் சாம்பல் கோட்டை மாட்டிக்கொண்டு, ரயில் எத்தனை மணிக்கு என்று லவைனாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.